அண்டா மூடி உருண்ட இடம்

"மூணு வருஷமா வர்றேன் மேடம். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே அகப்பட மாட்டேங்குது?"

கேட்டவர் பூவராகன். வயது அறுபத்தொன்று. அரியலூர்க் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். விற்பனையும் உண்டு, கல்யாணம் காட்சிக்கு வாடகையும் உண்டு.

கேட்கப்பட்டவள் தில்லைநாயகி. அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். ஆனாலும் கல் என்று வந்துவிட்டால் அவள்தான் அவருக்குக் குரு. வட்டாரக் கல் ஆர்வலர் கழகத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கழகத்து ஆட்கள் ஒரு வேனில் ஏறி ஓடை, பள்ளம், பொட்டல் என்று போவார்கள். நாள் முழுக்கக் குனிந்தபடியே நடப்பார்கள். என்றைக்கோ கடலாகக் கிடந்த பூமி அது. கல்லாகிப் போன சிப்பி, சங்கு, சுறாப் பல் என்று ஆளுக்கொன்றோடு சாயங்காலம் திரும்புவார்கள்.

பூவராகன், மதியச் சாப்பாடு கொண்டுபோன காலி அண்டாவோடு திரும்புவார்.

"பதில் சொல்லுங்க மேடம்."

தில்லைநாயகி ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை எத்தனை கல்லைத் திருப்பிப் பாத்தீங்க சார்?"

"எதுக்குத் திருப்பணும்? நல்ல கல்லுன்னா பாத்ததுமே தெரிஞ்சிடாதா?"

அவள் பல்லைத் திருப்பி, மறுபக்கத்தை ராவ ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் பதில். பூவராகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து கழகத்து ஆண்டு மலர்கள் மூன்றை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இதைப் பாருங்க. கண்டெடுத்தவர் ஜெயசுதா. கண்டெடுத்தவர் அந்தோணிராஜ். திரும்பவும் அந்தோணிராஜ். என் பேர் எங்க இருக்குன்னு தெரியுமா? கடைசிப் பக்கத்துல, அச்சாபீஸ் விளம்பரத்துக்கு மேல. உணவு ஏற்பாடு: பூவராகன்."

"எலுமிச்சை சாதம் நல்லா இருந்துச்சு சார்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

பூவராகன் எழுந்து விறுவிறுவென்று போனார். பத்தடி போனபிறகுதான் செருப்பு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

*

அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது.

ஊரில் பாதி வீட்டுப் பாத்திரங்களில் இருப்பது அவர் வெட்டிய பெயர்தான். இப்போது எல்லாரும் மிஷினில் வெட்டுகிறார்கள். பூவராகன் இன்னும் சின்ன உளியும் சின்னச் சுத்தியலும்தான். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பெயர், அதன்கீழ் தேதி, கடைசியில் ஐந்து இதழில் ஒரு தாமரை. தாமரை இலவசம்.

நாற்பது வருடம் அடுத்தவர் பெயரையே வெட்டிய மனிதருக்குத் தன் பெயரை ஒருதரம் அச்சில் பார்க்க ஆசை. கண்டெடுத்தவர்: பூவராகன். அந்த ஒரு வரி போதும் அவருக்கு.

அந்த ஆசைதான் முதல் நாளே அவரைக் கவிழ்த்தது.

கழகத்தில் ஒரு விதி உண்டு. கண்ட கல்லைத் தொடக் கூடாது. அது எப்படிக் கிடக்கிறது என்பதை லீடர் வந்து பார்த்து, நோட்டில் குறிக்க வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம்.

முதல் பயணம், நெட்டேரி ஓடை. சேறு அப்பிய ஒரு வட்டக் கல்லைப் பூவராகன் பார்த்தார், எடுத்தார். மேல்பக்கம் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. வழவழப்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

அவர் தாமரையின் கடைசி இதழை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

"ஐயையோ! கல்லுல பேர் வெட்டுறாருப்பா!"

அந்தோணிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயசுதா சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். எவர்சில்வர் என்று நினைத்துவிட்டாராம், யாரோ சொன்னார்கள்.

தில்லைநாயகி நோட்டும் பென்சிலுமாக வந்து ஏதோ கேட்டாள். பூவராகன் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு, கழித்துப்போடும் கற்களுக்கென்று வேனில் இருந்த சாக்கில் அந்தச் சனியனைக் கடாசினார்.

அன்றிலிருந்து உளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். அண்டாவை மட்டும் கொண்டுவருவார்.

*

செருப்பு மறந்த நாளைக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழன் மத்தியானம். கல்யாண வீடு ஒன்றுக்கு அண்டாவைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மொபெட்டின் பின்னால் அண்டா. அண்டாமேல் மூடி. மூடிமேல் ஒரு சணல் கயிறு, பேருக்கு.

வாய்க்கால் பாலத்தில் வண்டி ஒரு குதி குதித்தது. கயிறு விட்டது. மூடி சாலையில் விழுந்து, எழுந்து நின்று, ஓட்டமாக உருண்டு சரிவில் இறங்கிவிட்டது.

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பூவராகன் பின்னால் இறங்கினார். கருவேல முள் வேட்டியைப் பிடித்து இழுத்தது. மூடி ஒரு பள்ளத்தின் விளிம்பில் மல்லாந்து கிடந்தது.

அதை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

பள்ளத்தில் ஒரு கல். சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் முகம் முழுக்கக் கிடாக் கொம்புபோல ஒரு சுருள். சுருளின் ஒவ்வொரு வரியும் எண்ணிவிடலாம்போல இருந்தது. வெயில் பட்ட இடத்தில் முத்துச்சிப்பியின் உட்பக்கம் மாதிரி பச்சையும் சிவப்புமாக மின்னியது. வீட்டுப் பூஜையில் இருக்கிற சாளக்கிராமத்தை அவருக்குத் தெரியும். இது அதற்கு முப்பாட்டன்.

"பெருமாளே!"

அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன. கல்லாய்ப் போன மரத்துண்டு. கனத்த சிப்பி. சுறாப் பல். அதோடு ஒட்டி உரசிக்கொண்டு ஒரு கறுப்பு மலைக்கல்.

பூவராகன் மூடியைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருடம் வேனில் தில்லைநாயகி சொல்வதைக் கேட்டவர். மரத்துண்டு ஓரிடம், சிப்பி வேறிடம், சுறாப் பல் இன்னொரு அடுக்கு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் கோடி கோடி வருடம். மலைக்கல்லுக்கு இந்தப் பக்கத்தில் வேலையே கிடையாது.

இங்கே நாலும் ஒரே பள்ளத்தில் கிடக்கின்றன. கடலும் காடும் மலையும் ஒன்றாகக் கிடக்கின்றன!

அப்படியானால் இந்த மண்ணைப் பற்றி இதுவரை எழுதினவர்கள் எல்லாருமே தப்பு.

கை பரபரத்தது. ஆனால் இந்தத் தடவை பூவராகன் ஏமாறத் தயாரில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். விதி என்றால் விதி. ஒரு கல்லைத் தொடவில்லை, ஒன்றைத் திருப்பவில்லை. சுருள் கல்லின்மேல் அண்டா மூடியைக் கவிழ்த்து, மூடிமேல் முள்ளை ஒடித்துப் போட்டு மறைத்தார்.

மூடியில்லாத அண்டாவோடு போய், கல்யாண வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு சொல்லும் உறைக்கவில்லை.

*

"ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வாங்க மேடம். ஒண்ணு காட்டணும்."

"எங்க சார்?"

"சொல்ல மாட்டேன். கடைக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

முன்கூட்டிச் சொன்னால் வேறு யாராவது போய்ப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்தோணிராஜ்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இதுக்கும் ஆண்டு மலர்ல என் பேர் வரலைன்னா, கழகத்துக்கு ஒரு பெரிய கும்புடு. நான் விலகிக்கறேன். அண்டாவுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

"சரி சார்."

அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. அதே ஞாயிறு பத்து மணிக்கு ஒரு பத்திரிகை நிருபரையும் அந்தப் பாலத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஓசூரிலிருக்கும் மகளிடம், திங்கட்கிழமை பேப்பரில் நாலு பிரதி வாங்கி வை என்றும் சொல்லிவிட்டார்.

*

பூவராகன் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தில்லைநாயகி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"இங்கயா சார்?"

"ஏன், நீங்க வந்திருக்கீங்களா?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பூவராகன் இருபது நிமிடம் பேசினார். கடல் வந்தது, காடு கவிழ்ந்தது, மலை சரிந்தது. மூன்று ராத்திரியாகத் தூங்காமல் எழுதிய ஆறு பக்கத்தையும் வாசித்துக் காட்டினார். சுருள் கல்லைக் கடைசியில் காட்டலாம் என்று மூடியைத் திறக்காமல் வைத்திருந்தார்.

தில்லைநாயகி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் கையை நீட்டி மரத்துண்டை எடுத்தாள்.

"மேடம்! தொடாதீங்க! விதி!"

"இது அந்தோணிராஜ்," என்றாள்.

"என்னது?"

"ரெண்டு வருஷம் முந்தி, சித்திரை மாசம். வேற நல்லதா கிடைச்சதும் இதைக் கழிச்சிட்டான்." சிப்பியைத் தொட்டாள். "இது ஜெயசுதா." சுறாப் பல்லை விரலில் உருட்டினாள். "முனை உடைஞ்சது. இதை யார் போட்டாங்கன்னு நோட்டைப் பாக்கணும்." கறுப்பு மலைக்கல்லிடம் வந்தாள். "இது நான்தான். பச்சைமலைப் பயணத்துல எடுத்தது."

பூவராகன் நாலு கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேன்ல ஆளுக்கு ஒரு கல்லுதான்னு நம்ம டிரைவர் இருதயசாமி அண்ணன் சொல்லிட்டாரு இல்ல? மிச்சமெல்லாம் சாக்குல போகும். கண்ட இடத்துல கொட்டினா, பின்னால வர்றவங்க ஏமாந்துடுவாங்க. அதனால ஒரே இடமா கொட்டுங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன். அவரு ஊருக்குப் போற வழி இது. நம்மள இறக்கி விட்டுட்டு, போற போக்குல இங்க கொட்டிட்டுப் போவாரு."

"அப்ப இது..."

"பன்னெண்டு வருஷத்துக் கழிவு சார்."

பூவராகன் ஆறு பக்கத்தையும் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்குப் பேப்பர்காரத் தம்பி வருது மேடம்."

இப்போது தில்லைநாயகி திடுக்கிட்டாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா... என் மானத்தை வாங்கறதுக்கு." செல்போனை எடுத்தார். எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினார். "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு அகப்பட்டுச்சு. அதுவும் உங்க குப்பை. போதும் மேடம். விட்டுடறேன். எனக்கு அண்டாவே போதும்."

கோபத்தில் முள்ளைத் தள்ளி, அண்டா மூடியை வெடுக்கென்று எடுத்தார். அதையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று.

தில்லைநாயகியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வருடத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை.

அவள் முழங்காலில் நகர்ந்து கிட்டே போனாள். சுருளை விரலால் தொட்டு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல சார். படத்துலகூட இவ்வளவு முழுசா பாத்ததில்ல." அவள் கண் கலங்கிவிட்டது. "இதைப் போய் ஒருத்தர் கழிச்சிருக்காங்களே! சேறு அப்பியிருந்திருக்கும். மழை பேஞ்சு பேஞ்சு இப்பத்தான் கழுவியிருக்கு. ஆனாலும் எப்படி மனசு வந்துச்சு?"

பூவராகனுக்கும் ஆத்திரம் பொங்கியது. தன் மானம் போனது ஒரு நிமிடம் மறந்தேபோனது.

"கண்ணு இருக்கா அந்த ஆளுக்கு? இவ்வளவு பெரிய பொருளைக் கையில வாங்கி, சாக்குல கடாசியிருக்கான் பாருங்க! நாங்க மூணு வருஷமா நாய் மாதிரி அலையறோம். யாருன்னு கண்டுபிடிங்க மேடம். அவன் பேரை ஆண்டு மலர்ல முதல் பக்கத்துல போடணும். ஊரே காறித் துப்பணும்."

"நோட்டுல இருக்கும்."

எங்கே போனாலும் பையில் சுமக்கிற பழைய நோட்டுகளை அவள் எடுக்கப் போனாள். பிறகு நிறுத்தினாள்.

"முதல்ல திருப்பிப் பாருங்க சார்."

"நானா?"

"நீங்க பாத்ததுதானே. நீங்களே திருப்புங்க."

பூவராகன் இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்துத் தூக்கினார். உள்ளங்கையில் ஏதோ நெருடியது.

சின்னச் சின்னக் குழி. வரிசையாக.

விரலுக்கு முதலில் தெரிந்துவிட்டது. நாற்பது வருடத்து விரல். ஐந்து இதழ்.

அவர் கல்லைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தில்லைநாயகி எழுந்து வந்து, அவர் கைமேல் கை வைத்து, மெல்லத் திருப்பினாள்.

காய்ந்த சேறு பொருபொருவென்று உதிர்ந்தது. கட்டைவிரலால் மிச்சத்தையும் அவள் தேய்த்தாள். புள்ளி புள்ளியாய்ப் பெயர். அதன்கீழ் தேதி. கடைசியில் தாமரை.

பாலத்தின்மேல் ஒரு லாரி போனது.

"அன்னிக்கு..." என்றார் பூவராகன். "அன்னிக்கு நீங்க வந்து என்னமோ கேட்டீங்க. என்ன கேட்டீங்க?"

அவள் நோட்டில் அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள். சத்தமாக வாசித்தாள்.

"நெட்டேரி ஓடை, மேற்குக் கரை. வட்டக் கல் ஒன்று. சேறு அப்பியது. கண்டெடுத்தவர், பூவராகன். மறுபக்கம் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆமென்று தலையாட்டினார்."

கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வரியையும் வாசித்தாள்.

"கழித்தவர், பூவராகன்."

பூவராகன் கல்லை இறக்கி வைத்துவிட்டு அந்த நோட்டைக் கையில் வாங்கினார். கண்டெடுத்தவர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். பென்சில் மங்கியிருந்தது. மூன்று வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"எடம் தெளிவா குறிச்சிருக்கு சார்," என்றாள் அவள். "அதனால கல்லு கெட்டுப்போகல. ஆண்டு மலர்ல போடலாம். ஆனா நோட்டுல இருக்கறபடிதான் போடுவேன். ஒரு வரிய மட்டும் எடுத்துப் போட முடியாது."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லை மறுபடி எடுத்து, சுருள் முன்பக்கம் தெரிய ஏந்திக்கொண்டார்.

மேலே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிருபர் கேமராவும் கையுமாகச் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கினான். பூவராகன் கையிலிருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றான். சுருள் அவன் பக்கம் பார்த்து மின்னியது.

"அடேங்கப்பா! சார், அப்படியே பிடிங்க, அசையாதீங்க." நாலைந்து படம் எடுத்தான். குறிப்பு நோட்டைத் திறந்தான். "இதைக் கண்டுபிடிச்சது யாருங்க? பேரைச் சொல்லுங்க."

பூவராகன் தில்லைநாயகியைப் பார்த்தார். அவள் கீழே கிடந்த அண்டா மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு கல்லுலயே இருக்கு தம்பி," என்றார். "தப்பான பக்கத்துல இருக்கு."